கல்வராயன் மலைக்கு ஒரு பகற்பயணம்

விடுமுறை நாள்கள் நெருங்கும்போது குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதே. உதகை, கொடைக்கானல் என்று உடனே விடை சொன்ன காலம் ஒன்று உண்டு. இன்று அவ்வூர்களின் செலவையும் நெரிசலையும் எண்ணி நடுத்தரக் குடும்பத்தார் பின்வாங்குகின்றனர். உயர்நீதிமன்ற ஆணைப்படி அவ்விரு மலைகளுக்கும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் கொண்டுவரப்பட்டது என்றால், நெரிசல் எவ்வளவு முற்றிப்போயிற்று என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இந்நிலையில், நமக்கு அண்டையிலேயே ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கின்ற கல்வராயன் மலையை நம்மவர் பலர் எட்டிப் பார்த்ததும் இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது, சேர்வராயன், பச்சைமலை, சவ்வாது மலைகளுக்கு உடன்பிறப்பு. பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி உயரம். கடுங்குளிரும் இல்லை, கடைத்தெருக்களும் இல்லை. ஒரு பகலில் சென்று திரும்பத் தக்க இடம். ஆனால் அந்த ஒரு பகலை எவ்வாறு வகுப்பது என்பதில்தான் பலரும் இடறுகின்றனர். அதைப்பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

நமக்கு நன்கு அறிமுகமான மூன்று குடும்பத்தார், புதுவைப் பக்கத்தில் வசிப்பவர்கள், சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே சென்றுவர ஆசைப்பட்டனர். நம்மையும் உடன் அழைத்தனர். பெரியவரும் சிறுவருமாக மொத்தம் பன்னிரண்டு பேர். பயணத் திட்டத்தை ஒரு முழுத்தாளில் அழகாக எழுதிக் கொண்டுவந்து காட்டினர். விடியற்காலை 3 மணிக்குப் புதுவையிலிருந்து வேனில் புறப்படுவது, கோமுகி அணை, மேகம் அருவி, பெரியார் நீர்வீழ்ச்சி, கரியாலூர்ப் படகுத்துறை, வெள்ளிமலை, அங்கிருந்து சேலம் மாவட்டப் பகுதியில் உள்ள கருமந்துறைப் பழப்பண்ணை, ஆத்தூர்ப் பக்கம் இறங்கி முட்டல் ஏரியும் ஆணைவாரி அருவியும், ‘நேரம் இருந்தால்’ சாத்தனூர் அணை, இரவு 11 மணிக்கு வீடு. தாளின் பின்புறத்தில் காலை உணவுக் கணக்கு: இட்லிப் பொட்டலம் பன்னிரண்டு, தண்ணீர்ப் புட்டி பன்னிரண்டு.

நாம் அந்தத் தாளை இருமுறை படித்துவிட்டு, "வேனில் எத்தனை பேர்?" என்று கேட்டோம். "பன்னிரண்டு" என்றனர். "ஓட்டுபவர்?" என்றோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு தாய், "அவருக்கும் சேர்த்துப் பதின்மூன்று" என்று திருத்தி எழுதினார். பொட்டலக் கணக்கைத் திருத்துவது எளிது. மற்றக் கணக்கு அவ்வளவு எளிதன்று. தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு அதையும் போட்டுப் பார்த்தோம்.

புதுவையிலிருந்து கள்ளக்குறிச்சி நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் நின்று செல்வதையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை நாற்பது கிலோமீட்டர் அளவுதான். எனினும் மலைப்பாதையாகையால் ஒன்றரை மணி நேரம் வேண்டும். மலைக்குள் சுற்றுவதற்கு இரண்டு மணி. திரும்ப நாலரை. கருமந்துறை, முட்டல், சாத்தனூர் ஆகியவற்றை அறவே நீக்கினாலும் ஒரே மனிதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பதினொரு மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். நாம் அருவியில் குளிக்கும்போது அவன் வண்டியைக் காக்க வேண்டும். நாம் 3 மணிக்கு ஏறுவதானால் அவன் 2 மணிக்கு எழ வேண்டும். இரவு 11 மணிக்கு நம்மை இறக்கிவிட்டு, வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு அவன் படுக்கப் போகும்போது நள்ளிரவு தாண்டிவிடும்.

மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளருக்கென 1961-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்திற்குப் பின் அரை மணி நேரமாவது ஓய்வு, வேலையும் ஓய்வும் கூடி 12 மணி நேரத்திற்கு மிகாமை என்று அது பொதுவிதி வகுத்தது. நெடுந்தூர வழித்தடங்களுக்குச் சிறிது தளர்வும் அளித்தது. ஆயின் ஐந்து தொழிலாளராவது உள்ள நிறுவனங்களுக்கே அச்சட்டம் உரியதாக இருந்தது. ஒற்றை வேனை வைத்து வாடகைக்கு விடும் உரிமையாளரிடம் பேட்டாவுக்கு ஓட்டுகின்ற மனிதருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. அவருடைய வேலை நேரத்தை நிர்ணயிப்பது, உண்மையில், வாடகைக்கு அமர்த்துகின்ற நாமே.

மலைப்பாதையில் இது வெறும் இரக்கத்தின் பாற்பட்ட செய்தியன்று. 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசி மாவட்டத்திலிருந்து உதகைக்குச் சுற்றுலா சென்று திரும்பிக் கொண்டிருந்த பேருந்து, குன்னூர் அருகே மரப்பாலத்தில் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் மாண்டனர். அதற்கு முந்தின ஆண்டு, 2022 ஏப்ரல் 2 அன்று, திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில் சரக்கு வாகனம் ஒன்றில் கோவிலுக்குச் சென்ற மலைக்கிராமத்தாரில் 11 பேர் உயிரிழந்தனர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு. அதை ஆராய்வது நம் வேலையன்று. எந்த வண்டியில், எத்தனை பேர், எந்நேரத்தில் இறங்குவது என்பவை புறப்படுமுன்பே வீட்டில் அமர்ந்து தீர்மானிக்கக் கூடியவை என்பதற்காகவே இங்கே குறிப்பிடுகிறோம்.

ஆகவே திட்டத்தை மாற்றினோம். முந்தின நாள் மாலையே பேருந்தில் கள்ளக்குறிச்சி சேர்ந்து, ஒரு குடும்பத்தின் உறவினர் வீட்டில் இரவு தங்குவது. வேனையும் ஓட்டுநரையும் அவ்வூரிலேயே அமர்த்துவது. இதனால் ஓட்டுநரின் நாள் பதினொரு மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேர ஓட்டமாகச் சுருங்கியது. அன்றியும், நாள்தோறும் அந்த மலையில் ஏறி இறங்கும் ஒருவர் கிடைப்பார். எந்த வளைவில் எதிரே பேருந்து வரும், எந்த நேரத்தில் பனி இறங்கும் என்பதெல்லாம் சமவெளி ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாயினும் அறியாதவை. உறவினர் வீடு இல்லாதவர்கள் காலை முதற்பேருந்தில் கள்ளக்குறிச்சிக்கு வரலாம். சேலம், விருத்தாசலம் பக்கத்தார் சின்னசேலம் ரயில் நிலையத்தில் இறங்கியும் வரலாம். வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலில் இறங்கும் சுகம் இதில் இல்லை என்பது மெய்தான்.

வண்டி அமர்த்துவதைப்பற்றிச் சில சொற்கள். மஞ்சள் நிறப் பலகையில் கறுப்பு எழுத்துக் கொண்ட வண்டியே ஓட்டுநருடன் வாடகைக்கு விட உரிமம் பெற்றது. வெள்ளைப் பலகை கொண்ட சொந்த வண்டியை ‘தெரிந்தவர்தானே’ என்று குறைந்த வாடகைக்குப் பேசிச் செல்வோர் நம்மிடையே நிறைய உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்தத் தெரிந்தவர் முகத்தைப் பார்த்துப் பணம் தராது. பர்மிட், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றும் நடப்பில் உள்ளனவா என்று கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை; ஒழுங்கான உரிமையாளர் அதற்குக் கோபித்துக் கொள்ள மாட்டார். ‘மேக்சிகேப்’ எனப்படும் வேனில் ஓட்டுநர் நீங்கலாகப் பன்னிரண்டு பேர் வரையே செல்லலாம். மடியில் ஒன்று, நடுவில் ஒரு ஸ்டூல் என்று பதினெட்டுப் பேரை அடைக்கும் வழக்கத்தை மலைக்குச் செல்லும் நாளிலாவது விட்டுவிட வேண்டும். ஏற்றத்தில் இழுப்பதும் இறக்கத்தில் நிறுத்துவதும் அந்த எடையைத்தானே!

வாடகையைக் கிலோமீட்டர்க் கணக்கா, நாள் வாடகையா என்று முதலிலேயே பேசி எழுதிக் கொள்ள வேண்டும். கிலோமீட்டர்க் கணக்கெனில், கொட்டகையிலிருந்து கொட்டகை வரையிலா, நாம் ஏறிய இடத்திலிருந்தா, குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குப் பணம், மலைக்கெனத் தனிக்கட்டணம் உண்டா, இவை தெரியாமல் புறப்படுவோரே மாலையில் தெருவில் நின்று வாதாடுவோர். ஓட்டுநரின் பேட்டா வாடகையில் அடக்கமா, தனியா என்பதையும் கேட்க வேண்டும். வாடகை உரிமையாளருக்குப் போகிறது. ஓட்டுநரின் கையில் நிற்பது பெரும்பாலும் பேட்டா ஒன்றே. வாடகையில் ஐந்நூறு குறைத்துவிட்டோம் என்று நாம் மகிழும்போது அந்த ஐந்நூறு யாருடைய பையிலிருந்து போயிற்று என்பதை விசாரித்தறிவது நல்லது.

உரிமையாளரிடம் பேசி முடித்தபின், வண்டி ஓட்டி வரப்போகிறவரிடமே தொலைபேசியில் பேச வேண்டும் என்று கேட்டோம். உரிமையாளர் வியப்புற்றார், எனினும் எண்ணைக் கொடுத்தார். மறுமுனையில் பேசியவர் கச்சிராயபாளையத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கலாம். வெள்ளி இரவு வேறு வண்டி ஓட்டுகிறாரா என்று கேட்டோம். இல்லை என்றார். சற்றுத் தயங்கி, "ஐயா, ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். காலையில நாலு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்களை ஏத்தணும். சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள விட்டுருவீங்களா?" என்றார். அந்த ஆறு மணியே நம் திட்டத்தின் முதல் வரியாயிற்று. மற்ற நேரங்களை எல்லாம் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டோம்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டத்தின் தலைநகர். முன்னர் விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்தது. இங்குள்ள மரச்சிற்பக் கலைஞர்களின் கைவேலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வேளையில் பட்டறைகள் திறந்திரா. திரும்பும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

நகரைத் தாண்டினால் கரும்பும் நெல்லும். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால், தை மாதத்தில் சாலை முழுதும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். கரும்பின் தோகை சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு அசைந்து செல்லும். பல டிரெய்லர்களுக்குப் பின்விளக்கு இல்லை. "இதுங்க பின்னாடி பகல்ல போனா ஒண்ணுமில்லை. பொழுது சாஞ்சா சொவரு மாதிரி நிக்கும், தெரியாது" என்றார் ஓட்டுநர். பிள்ளைகள் கரும்பைப் பிடுங்கக் கை நீட்டியபோது கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கோமுகி அணை மலையின் காலடியில் உள்ளது. 46 அடி உயரம் நீர் தேக்கும் சிறு அணையேயாயினும், பின்னணியில் மலை எழுந்து நிற்பதால் காலை வெயிலில் அதன் தோற்றம் பெரிது. மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் பின்னர் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன. நம் வாசகரில் வெள்ளாற்றங்கரை ஊரினர் பலர் உளர். அவர்கள் வயலுக்குப் பாய்கின்ற நீரில் ஒரு பங்கு இம்மலையின் மழைதான். இங்கேதான் இட்லிப் பொட்டலங்களைப் பிரித்தோம், பதின்மூன்று. ஓட்டுநர் தம் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அப்பால் செல்ல முற்பட்டார், பழக்கம் அவ்வாறு. அந்தத் தாயே, "அண்ணா, இங்கே உட்காருங்க" என்று விரிப்பில் இடம் ஒதுக்கினார். உட்கார்ந்தார். முதலில் யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்னியில் காரம் போதாது என்று அவரே சொல்ல, எல்லோரும் சிரித்தனர்.

அணையைத் தாண்டியதும் ஏற்றம். கீழே முட்புதர்க் காடு. சற்று மேலே இலையுதிர் காடு. உச்சிப் பீடபூமியின் மடிப்புகளில் ஆங்காங்கே சோலை. கொண்டை ஊசி வளைவுகளில் ஒலிப்பானை அழுத்தி, ஏறி வருகின்ற வண்டிக்கு இடம் விட்டு நிற்பது மலைப்பாதையின் மரியாதை. இறங்குகின்றவன் நின்று புறப்படலாம். ஏறுகின்ற பாரவண்டி நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரிகள் எதிரே வந்தன. சேலம், ஆத்தூர்ப் பகுதிகளில் உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு அக்கிழங்கு செல்கிறது. பாயசத்தில் மிதக்கின்ற ஜவ்வரிசி மரத்தில் காய்ப்பதென்று அதுவரை எண்ணியிருந்த ஒரு சிறுவனுக்கு அன்று ஐயம் தீர்ந்தது.

கரியாலூரில் வனத்துறையின் பூங்காவும் சிறு படகுத்துறையும் உண்டு. பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மணி நேரம் போதவில்லை. பெரியவர்களுக்கு அரை மணி நேரமே அதிகம். பெரியார் நீர்வீழ்ச்சிக்கு அதிகம் நடக்க வேண்டியதில்லை. முதியோர் உள்ள குடும்பத்தாருக்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய மார்கழி, தை மாதங்களில் நீரும் இருக்கும், வானமும் தெளிந்திருக்கும். மழைநாளில் சென்றால், நாம் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் மேலே எங்கோ பெய்த மழை நொடிப்பொழுதில் வெள்ளமாக வந்து சேரக்கூடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வாறே அடித்துச் செல்லப்பட்டான். நீர் கலங்கினால் உடனே கரையேற வேண்டும்; துணியைத் தேடக் கூடாது.

இனி, இம்மலையின் மக்களைப்பற்றி. ‘மலையாளி’ என்பது அவர்கள் பெயர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்றே பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவரின் வழியினர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்களிடையே கதை வழங்குகிறது. பேச்சு தமிழே. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவை பயிர்கள். காட்டிலிருந்து தேன், புளி, கடுக்காய். தோல் பதனிடவும் நாட்டு மருந்துக்கும் பயன்படுகின்ற கடுக்காய் வீட்டு முற்றங்களில் காய்ந்துகொண்டிருந்ததைக் கண்டோம்.

நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்கள். 1976-இல்தான் அவ்வாட்சி முடிந்து, மலை நேரடியாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. நாம் ஏறிச் சென்ற சாலையையும், வழியில் கண்ட பள்ளிகளையும், இல்லாத பாலங்களையும் இந்த ஆண்டுக் கணக்கை மனத்தில் கொண்டு பார்த்தால்தான் விளங்கும். பிறர் மூன்று தலைமுறையில் பெற்றவற்றை இவர்கள் ஒன்றரைத் தலைமுறையில் பெற வேண்டியிருக்கிறது. மலையின் சமூக, பொருளாதார நிலையைக் குறித்து 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து விசாரிக்க நேர்ந்தது.

அந்த விசாரணைக்கு முந்தின மாதம் நிகழ்ந்ததை வாசகர் மறந்திரார். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படுவது, மலைக்காட்டில் விளைவதன்று. மாண்டவர்கள் வீழ்ந்தது சமவெளியின் நகரத்தில். எனினும் ‘கல்வராயன் மலை’ என்றதும் சாராயம் என்று சொல்கின்ற வழக்கம் நம்மவரிடம் ஊறிவிட்டது. நம் வேனில் இருந்த ஒருவரே, வேடிக்கையாகத்தான், "என்ன தம்பி, மலைச்சரக்கு எங்கே கிடைக்கும்?" என்று ஓட்டுநரிடம் கேட்டார். ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த வாரம் ஏழு ராத்திரி இதே வண்டியில சேலம் ஆஸ்பத்திரிக்கு ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போனேன் சார். போகும்போது அழுதுக்கிட்டு வருவாங்க. திரும்பும்போது பேச்சே இருக்காது" என்றார். அதன்பின் வெள்ளிமலை வரை நம் வண்டியிலும் பேச்சில்லை.

வெள்ளிமலை இம்மலையின் வட்டத் தலைநகர். சிறு கடைத்தெரு, அலுவலகங்கள், பள்ளி. ஓர் எளிய உணவுக்கடையில் எல்லோரும் சோறுண்டோம். ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். உணவு முடிந்ததும் ஓட்டுநரை முக்கால் மணி நேரம் தனியே விட்டுவிட வேண்டும். வண்டியின் இருக்கையைச் சாய்த்து அவர் கண்ணயர்ந்தால் பிள்ளைகளை அங்கே ஓடி விளையாட விடக் கூடாது, பாட்டுப் பெட்டியை அலறவிடக் கூடாது, ‘சாவி கொடுங்க, பை எடுக்கணும்’ என்று எழுப்பக் கூடாது. பைகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வயிறு நிறைந்த பிற்பகலில் இறக்கத்தில் ஓட்டப் போகின்றவருக்கு அந்த உறக்கம் எண்ணெயைப் போன்றது. நாங்கள் அந்நேரத்தில் கடைத்தெருவில் தேனும் புளியும் வாங்கினோம். விலை பேசி அடித்துக் குறைக்கும் நம் நகரத்துப் பழக்கத்தை ஒருவர் அங்கும் காட்டத் தொடங்கினார். அவர் மனைவியே தடுத்துவிட்டார். இன்னொருவர் வீட்டு வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டியைக் கேளாமலே படம் எடுக்க முனைந்தார். மூதாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது போதுமானதாயிற்று.

மூன்று மணி. புறப்பட வேண்டிய நேரம். அப்போதுதான் இளைஞர்கள் மேகம் அருவியைப் பார்த்தே தீர வேண்டும் என்றனர். அந்த அருவிக்குக் காட்டுக்குள் நடந்து செல்ல வேண்டும். வனத்துறையினரிடம் கேட்டறிந்து, காலை வேளையில், அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிச் செல்ல வேண்டிய இடம் அது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று ஒருவர் தொடங்கினார். "ஒரு மணி நேரம்தானே, அவருக்கு முன்னூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிடுவோம்" என்றார் மற்றொருவர். எல்லோரும் ஓட்டுநரைப் பார்த்தனர். அவர் சொன்னது இது: "நீங்க சொன்னா போறேன் சார்."

இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளாமல் ஓட்டுநரை அமர்த்துவதில் பயனில்லை. அவர் மறுக்க மாட்டார். மறுத்தால் உரிமையாளரிடம் புகார் போகும். அடுத்த சவாரி வேறொருவருக்குப் போகும். ‘அவரே சரி என்றாரே’ என்று பின்னர் சொல்பவர்கள், அவரால் ‘இல்லை’ என்று சொல்ல முடியுமா என்பதைக் கேட்பதே இல்லை. நம்முடன் வந்திருந்த வயதில் மூத்த அத்தை ஒருவர், அதுவரை அதிகம் பேசாதவர், "ஆறு மணின்னு அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கோம். ஏறுங்க எல்லாரும்" என்றார். இளைஞர்கள் முகம் வாடியது. வாடட்டும்.

இறக்கத்தில் ஓட்டுநர் வேறு மனிதரானார். ஏறும்போது கேட்டவற்றுக்கெல்லாம் விடை சொன்னவர் இப்போது வாய் திறக்கவில்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலையோட்டிகளின் பழைய விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த, பிரேக்கை விட்டு விட்டுத் தொட வேண்டும். எரிபொருள் மிச்சமென்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிக் கருகல் வாடை வரும். அதற்கு மேல் மிதித்தாலும் பிடிக்காது. நம்முடைய வேன் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே இறங்கியது. பின்னால் வந்த கார் ஒன்று பொறுமையிழந்து ஒலிப்பானை அலறவிட்டது. அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, அதைப் போகவிட்டார். நம் இளைஞர்களில் ஒருவர், "நம்மை முந்திவிட்டானே!" என்று வருந்தினார்.

அணையருகே வந்தபோது நாலரை மணி. கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டர்கள் ஆலை வாயிலில் வரிசையாக நின்றன. சூரியன் இன்னும் உயரத்திலேயே இருந்ததால் ஒவ்வொன்றையும் தெளிவாகக் காண முடிந்தது. கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறை ஒன்றில் இருபது நிமிடம் நின்றோம். உளி பட்டுச் சீவல் சுருண்டு விழுவதைப் பிள்ளைகள் அருவியைப் பார்த்ததைவிட ஆவலுடன் பார்த்தனர்.

ஐந்தே முக்காலுக்கு இறங்கினோம். ஓட்டுநர் மீட்டரைப் பார்த்து டிரிப் ஷீட்டில் குறித்தார். காலையில் நாம் எழுதி வைத்திருந்த எண்ணோடு ஒத்திருந்தது. வாடகையை உரிமையாளருக்குரிய உறையிலும், பேட்டாவைத் தனியே அவர் கையிலும் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டிக்குள் சிந்திக் கிடந்த முறுக்குத் தூளையும் புளியங்கொட்டைகளையும் துடைப்பத்தால் பெருக்கத் தொடங்கினார். விடியற்காலையில் பெண் வீட்டார் ஏறுவதற்குள் முன்கண்ணாடிக்குப் பூமாலை கட்ட வேண்டும் என்றும், அதற்குக் கடைக்குப் போயாக வேண்டும் என்றும் சொன்னார். வேன் கச்சிராயபாளையம் சாலையில் திரும்பியபோது வெளிச்சம் மிச்சமிருந்தது.